டாக்டரம்மா என்று தேடினால்

ஜூலை 6, ஞாயிறு

இந்த நோட்டைக் கையில் எடுத்தவர் யாராக இருந்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், இத்தோடு மூடிவிடுங்கள். மூட மனம் வராவிட்டால் படித்துக்கொள்ளுங்கள், ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் கூடாது. அப்பாவிடம் கூடவே கூடாது. அட்டையில் 'விலங்கியல் செய்முறை' என்று எழுதியிருப்பது பொய். முதல் மூன்று பக்கங்களில் தவளை இருக்கிறது. அதற்குப் பிறகு நான்தான் இருக்கிறேன்.

என் பெயர் சம்யுக்தா. பதினொன்றாம் வகுப்பு. அப்பா டாக்டர் சென்னியப்பன். தாராபுரத்தில் உடுமலை ரோட்டில் எங்கள் வீடு. வீட்டின் முன்பக்கம்தான் கிளினிக். அம்மா கோகிலவாணி, கல்யாணத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் நர்ஸாக இருந்தவள். இப்போது அப்பாவுக்கு உதவியாகக் கிளினிக்கில் இருக்கிறாள்.

இன்று அம்மா கத்தினாள். அம்மா கத்துகிறவள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் இப்போதெல்லாம் எங்களோடு சாப்பிடுவதில்லை. அம்மா அவருடைய தட்டை உள் அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், காலித் தட்டோடு வெளியே வருவாள்.

"சம்மு, ஃபோன்ல டாக்டர்னு தேடுனா பைபாஸ்ல புதுசா வந்த ஆஸ்பத்திரிதான் மொதல்ல வருதாமா. நம்மளுது எங்கயோ அடியில கெடக்குதாம். நீ அதைக் கொஞ்சம் சரி பண்ணிக் குடுப்பியா?"

"பண்ணலாங்ப்பா."

"எதுக்குங்க அதெல்லாம்?" என்றாள் அம்மா.

"பேரு மறஞ்சு போயிரக் கூடாதில்ல கோகிலா."

"இருக்கற கூட்டம் போதும். போதும்னா போதும்!"

குழம்புக் கரண்டி பாத்திரத்துக்குள் விழுந்து மூழ்கிவிட்டது. எங்கே இருக்கிறது கூட்டம்? முன்பெல்லாம் வாசல் வரைக்கும் செருப்பு கிடக்கும். இப்போது பெஞ்சில் பாதி காலி. ஆள் வர வேண்டாம் என்று சொல்லும் டாக்டர் வீட்டை நான் பார்த்ததில்லை.

ஜூலை 8, செவ்வாய்

மேப்பில் எங்கள் கிளினிக் பின்பக்கத் தேங்காய்க் குடோனுக்குள் இருக்கிறது. ஃபோன் நம்பர், எப்போதோ துண்டித்த லேண்ட்லைன். எந்த நேரம் திறந்திருக்கும் என்பதே இல்லை. எங்கள் பெயரில் இருந்த ஒரே படம், யாரோ எடுத்துப் போட்டது. அதில் வாசலில் ஒரு வெள்ளாடு நிற்கிறது. போர்டு ஆட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது.

குடோனிலிருந்து வீட்டை மீட்டுக் கொண்டுவந்தேன். நேரம் போட்டேன். நம்பருக்கு அப்பாவிடம் கேட்டதற்கு, "என்னுது வேண்டாம், எடுத்துப் பேசறது சிரமம்" என்றார். என்ன சிரமம் என்று கேட்கவில்லை. ஆன்லைன் வகுப்புக்காக எனக்கு வாங்கித் தந்த பழைய ஃபோனின் நம்பரைப் போட்டேன்.

கிளினிக் நிஜம்தான் என்று காட்ட ஒரு வீடியோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். போர்டு, பெஞ்சு, டோக்கன் மேஜை, அப்பாவின் அறை எல்லாம் எடுத்தேன். திரும்பப் போட்டுப் பார்த்தபோதுதான் கவனித்தேன். அப்பாவின் மேஜைக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகள். ஒன்றுதானே இருக்கும்?

ஜூலை 13, ஞாயிறு

வந்துபோகிறவர்கள் நல்லபடியாக நாலு வரி எழுதினால்தான் மேலே ஏற முடியும். நானே பொய்ப் பெயரில் எழுதக் கூடாது என்று அப்பா முதலிலேயே சொல்லிவிட்டார். அதனால் ஸ்கேன் செய்யும் அந்தக் கறுப்புச் சதுரத்தை அச்சடித்து டோக்கன் மேஜையில் ஒட்டக் கொடுத்தேன். டோக்கன் கொடுப்பது பாப்பாத்தி அக்கா. கூட்டுவதும் துடைப்பதும் சண்டை போடுவதும் அவர்தான்.

"இதென்ன கண்ணு, புள்ளி தப்பிப்போன கோலமாட்ட இருக்குது?"

"இதுக்கு நேரா ஃபோனக் காட்டுனா நம்ம கிளினிக்கப் பத்தி எழுதலாங்க்கா."

"எழுதறதுக்கா? ஊசி வலிக்குதுன்னு எழுதிப்போட்டுப் போவானுக."

"நல்லதா எழுதச் சொல்லுங்க்கா."

"எழுதாம போனா அடுத்த வாட்டி டோக்கன் கெடையாதுன்னு போடறேன் பாரு."

பசை தடவி அவரே ஒட்டினார். கோணலாக இருந்தது. விட்டுவிட்டேன்.

ஜூலை 16, புதன்

எழுதுகிறார்கள்! எல்லாம் நிஜமான ஆட்கள். சிலவற்றை இங்கே பதிகிறேன்.

'டாக்டர் சீட்டு இப்பத்தான் படிக்க முடியுது. முத்து முத்தான எழுத்து.'

'ஊசி போட்டதே தெரியல. டாக்டரம்மா கை பூ மாதிரி.'

'டாக்டரம்மாவைப் பாருங்க. ரெண்டே நாள்ல காய்ச்சல் போயிரும்.'

எங்கள் ஊரில் டாக்டர் பெண்ணாக இருந்தாலும் டாக்டரம்மா. டாக்டரின் மனைவியாக இருந்தாலும் டாக்டரம்மா. கடைக்குப் போனால் என்னையே 'டாக்டர் பாப்பா' என்பார்கள். தவளையின் இதயத்தில் எத்தனை அறை என்று கேட்டால் முழிக்கும் டாக்டர்.

இரவு சாப்பாட்டுக்கு முன் எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். முத்து முத்தான எழுத்து என்றதும் அப்பா சிரித்தார். அப்பா எழுதினால் மருந்துக்கடைக்காரர் ஆள் அனுப்பி என்னவென்று கேட்பார். அது ஊரே சொல்லும் நகைச்சுவை. சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"சீட்டப் பத்தியா எழுதியிருக்காங்க?" என்றாள் அம்மா.

"ஃபோட்டோவே போட்டிருக்காங்கம்மா."

அம்மா ஃபோனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "இதை எடுக்க முடியுமா?"

"அடுத்தவங்க போட்டதை நம்மால எடுக்க முடியாதும்மா."

படுக்கப் போகும் முன் நானும் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆங்கில 'ஜி'யின் வால் கீழே இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, கொக்கி போட்டு நிற்கிறது. என் நோட்டு அட்டைகளில் அம்மா எழுதித் தரும் 'ஜி'யும் அப்படித்தான் இருக்கும்.

நிறையப் பேர் அப்படித்தான் எழுதுவார்கள்.

ஜூலை 17, வியாழன்

அப்பா இன்று கிளினிக்கில் டி-ஷர்ட்டோடு உட்கார்ந்திருந்தார். சட்டை அயர்னிலிருந்து வரவில்லையாம். அயர்ன்காரர் நேற்றுதான் கொண்டுவந்து கொடுத்தார், நான்தான் வாங்கி பீரோவில் அடுக்கினேன்.

ஜூலை 20, ஞாயிறு

எந்தெந்த வார்த்தையைத் தட்டி ஆட்கள் எங்களிடம் வருகிறார்கள் என்று பார்க்க ஒரு பக்கம் இருக்கிறது. 'காய்ச்சல் டாக்டர்', 'ஊசி போடற டாக்டர் பக்கத்தில்', இப்படி நிறைய. எல்லாவற்றுக்கும் மேலே 'டாக்டரம்மா தாராபுரம்'. இத்தனை பேர் அதைத் தேடுகிறார்களா என்று எனக்கே ஆச்சரியம். தேடுகிற வார்த்தை நம் பக்கத்தில் இருந்தால்தான் மேலே வரும். அதனால் 'டாக்டர் சென்னியப்பன் கிளினிக்' என்பதற்குக் கீழே 'டாக்டரம்மாவும் இருக்கிறார்' என்று சேர்த்தேன். பொய் இல்லை. இருக்கிறாள்தானே.

சாயந்திரம் தேடிப் பார்த்தேன். பைபாஸ் ஆஸ்பத்திரி இரண்டாவது. நாங்கள் முதலாவது.

என் அறை வாசலில் நின்று அப்பா, "சம்மு, சம்மு" என்று கூப்பிட்டார். முன்பெல்லாம் கதவை இரண்டு தட்டுத் தட்டுவார், சட்டம் அதிரும், நான் திட்டுவேன். இப்போது தட்டுவதே இல்லை. வலது கையை பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வெளியே நின்று கூப்பிடுகிறார். முதல் இடம் என்று காட்டினேன்.

"நம்ம பேரா? மேலயா?" என்று குனிந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர். நான் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஜூலை 24, வியாழன்

ஃபோன் வந்துகொண்டே இருக்கிறது. பள்ளியிலிருந்து வந்ததும் நான்தான் எடுக்கிறேன். இன்று குண்டடத்திலிருந்து ஒரு அக்கா, ரொம்ப மெதுவான குரல்.

"டாக்டரம்மா இருக்காங்களாங்க?"

"இருக்காங்க."

"அவிங்களே பாப்பாங்களா?"

"பாப்பாங்க்கா. சனிக்கெழம வாங்க."

மருந்துக்கடைக்குப் போனபோது கடைக்கார அண்ணன், "டாக்டர் இப்ப எழுதறது என்ற பையனுக்கே புரியுதுங்க பாப்பா, ஏதாச்சும் கையெழுத்து கிளாஸுக்குப் போறாரா?" என்றார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜூலை 26, சனி

குண்டடத்து அக்கா மாமியாரோடு பஸ்ஸில் வந்தார். நான் டோக்கன் மேஜையில் பாப்பாத்தி அக்காவுக்கு ஒத்தாசையாக இருந்தேன். உள்ளே அம்மா மட்டும் இருந்தாள். அப்பா காலையிலிருந்து பின்னறையில் படுத்திருந்தார். 'தலைவலி.' மாதத்தில் நாலைந்து நாள் இப்படி வருகிறது. அப்போதும் கிளினிக் திறந்துதான் இருக்கிறது. இதை இன்றைக்குத்தான் யோசிக்கிறேன்.

நடுவில் ஒரு துணித் திரைதான். எல்லாம் கேட்டது.

"மார்ல கட்டியாட்ட இருக்குதுங்கம்மா. ரெண்டு மாசமாச்சு. ஆம்பளை டாக்டருகிட்ட எப்பிடிக் காட்டறதுன்னு இருந்துட்டனுங்க."

அம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் டாக்டர் இல்லீங்க. நர்ஸு. அவருதான் டாக்டரு."

"ஃபோன்ல டாக்டரம்மான்னு போட்டிருந்துதுங்களே?"

அந்த அக்கா அழுதார். மாமியார், "டாக்டரோ நர்ஸோ, பொம்பளையா பொறந்தவ பாத்துச் சொல்லு சாமி. இவ வேற யாருகிட்டயும் வர மாட்டா" என்றார்.

அம்மா பார்த்தாள். பின்னறைக்குப் போய் வந்தாள். மறுபடி போனாள், வந்தாள். ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, கோயமுத்தூரில் ஒரு பெண் சர்ஜன் பெயரைச் சொல்லி, திங்கட்கிழமையே போகச் சொன்னாள். "நாளைக் கடத்தாதீங்க. பயப்படறதுக்கு ஒண்ணுமில்லைன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா போயிட்டீங்கன்னா சரியாயிரும்."

அவர்கள் போனதும் என்னிடம் வந்தாள்.

"அந்த வார்த்தைய யாரு போட்டது?"

"நான்தாம்மா. நெசந்தானே? எல்லாரும் உங்களை அப்பிடித்தானே கூப்பிடறாங்க?"

அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. "எடுத்துரு கண்ணு. இப்பவே எடுத்துரு" என்றாள்.

எடுத்துவிட்டேன். ஆனாலும் 'டாக்டரம்மா' என்று தட்டினால் நாங்கள்தான் முதலில் வருகிறோம். மற்றவர்கள் எழுதியதில் எல்லாம் அந்த வார்த்தை இருக்கிறது. அதை என்ன செய்வது?

ஜூலை 30, புதன்

குண்டடத்து அக்கா எழுதியிருக்கிறார். ஐந்து நட்சத்திரம்.

'கோயமுத்தூரில் சரியான நேரத்தில் வந்தீர்கள் என்று சொன்னார்கள். ஆபரேஷன் செய்தால் போதுமாம். என்னைக் காப்பாற்றியது தாராபுரம் டாக்டரம்மா. பெரிய டாக்டர் பார்க்கவே இல்லை. டாக்டரம்மாவே பார்த்து, டாக்டரம்மாவே லெட்டர் எழுதினார்கள். அவர்களுக்குக் கோயில் கட்டலாம்.'

கூடவே ஒரு படம். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு அம்மா, அப்பாவின் மேஜையில். எப்போது எடுத்தாரோ. அம்மா அதில் அழகாக இருக்கிறாள்.

நிறையப் பேர் அதற்கு விருப்பம் போட்டிருக்கிறார்கள். நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 31, வியாழன்

ஒரு ஆண் குரல். ரொம்ப மரியாதை.

"டாக்டரம்மா பேரென்னங்க பாப்பா?"

"கோகிலவாணிங்க."

"எங்க படிச்சாங்க?"

"கோயமுத்தூருலங்க."

"எத்தனை வருசமா பாக்கறாங்க?"

"கல்யாணம் ஆனதுலருந்துங்க."

"சரிங்க பாப்பா. ரொம்ப நன்றி."

அவர் ஏன் உடம்புக்கு என்ன என்று சொல்லவே இல்லை?

ஆகஸ்ட் 1, வெள்ளி

தூங்கவில்லை. நான் சொன்னது எதுவும் பொய் இல்லை. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். பொய்யே இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

கை வேகமாக ஓடுகிறது, எழுத்து கோணலாக வருகிறது. மன்னிக்கவும்.

பள்ளிவிட்டு வந்தபோது வாசலில் ஜீப். மாவட்டச் சுகாதார ஆபீசிலிருந்து மூன்று பேர், ஒரு பெண் போலீஸ். பாப்பாத்தி அக்கா படியில் உட்கார்ந்து, "என்ற கையாலயே ஒட்டுனனே அந்தக் கோலத்த, என்ற கையாலயே ஒட்டுனனே" என்று அழுதுகொண்டிருந்தார். சதுரத்தைப் பிய்த்த இடத்தில் மேஜையில் வெள்ளைத் தழும்பு.

கண்ணாடி போட்ட அதிகாரி எங்கள் பக்கத்தில் வந்த படங்களை எல்லாம் தாளில் எடுத்து வைத்திருந்தார். முத்து முத்தான எழுத்துச் சீட்டு மேலே இருந்தது. குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது, ஃபோனில் நன்றி சொன்னவர்.

"இது யாரு எழுத்துங்கம்மா?"

"என்னுதுங்க."

"கீழ டாக்டர் கையெழுத்து?"

"அதுவும் நான் போட்டதுதானுங்க."

"டாக்டர் சொல்லித்தான் எழுதுனீங்களா?"

"இல்லீங்க. அவருக்குத் தெரியாது. அவரு இல்லாதப்ப நானா எழுதிக் குடுத்துட்டேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பா பக்கத்து நாற்காலியிலேயே இருந்தார். இரண்டு நாற்காலியில் ஒன்றில். வலது கை பாக்கெட்டில்.

"டாக்டர், நீங்க சொல்லுங்க. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அப்பா வாயைத் திறந்தார். அம்மா அவரைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். அவ்வளவுதான். நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்ப நாளைக்குக் காலைல திருப்பூர் வந்து எழுதிக் குடுத்துருங்கம்மா. அதை வெச்சு ஸ்டேஷனுக்கு அனுப்பறதுதான். டாக்டருக்கு வேற ஏதாவது சொல்றதுக்கு இருந்தா அவரும் வரலாம்" என்று சொல்லிவிட்டு கிளினிக் கதவுக்கு சீல் வைத்தார்கள். அரக்கு வாசனை இன்னும் வீட்டுக்குள் இருக்கிறது.

அவர்கள் போன பிறகு சமையலறையில் அம்மா அப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்தாள். டம்ளர் பல்லில் பட்டுக் கிடுகிடுவென்று ஒலித்தது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

"நீங்க பேசக் கூடாது. பேசுனா உங்க டாக்டர் ரெஜிஸ்ட்ரேஷனே போயிரும். கை நடுங்கற டாக்டர்கிட்ட எவன் வந்து உக்காருவான்? என்னுதுல போறதுக்கு என்ன இருக்குது?"

"உன்னைய ஜெயில்ல போட்டா?"

"நாலு நாளு இருந்துட்டு வர்றேன். இட்லி குடுக்க மாட்டாங்களா?" அம்மா சிரித்துக் காட்டினாள். அப்பா சிரிக்கவில்லை.

இதை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும். எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. பட்டன் போட முடியாமல்தான் அன்றைக்கு டி-ஷர்ட் என்பது தெரியும். சாப்பாட்டுத் தட்டு தெரியும். 'ஜி'யின் வால் தெரியும். தெரிந்தும் ஏன் தெரியாததுபோல் எழுதினேன்? இதை யாரும் படிக்கப் போவதில்லையே, பிறகு யாருக்காக மறைத்தேன்?

அப்பாவின் கை நடுங்குகிறது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. தலை நன்றாகத்தான் இருக்கிறது. அவர் கேட்பார், சொல்வார், அம்மா எழுதுவாள், அம்மா ஊசி போடுவாள். படுத்துவிட்ட நாட்களில் மட்டும் அம்மா தனியாகப் பார்த்து, பின்னறைக்கு ஓடிப் போய்க் கேட்டு வருவாள். எல்லா நாளும் கேட்டாளா? அது எனக்குத் தெரியாது. இது மட்டும் நிஜமாகவே தெரியாது.

பேர் மறைந்து போகக் கூடாது என்று அப்பா சொன்னார். நான் மேலே கொண்டுவந்தேன். மேலே வந்ததால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நான் நன்றாக வேலை செய்ததுதான் தப்பா?

ஃபோன் மடியில் இருக்கிறது. கிளினிக் பக்கத்தில் 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று போட ஒரு பட்டன் உண்டு. அதைத் தொடவில்லை. அதற்குப் பதில் என் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

'நான் டாக்டர் சென்னியப்பனின் மகள். அப்பாவுக்குக் கை நடுங்கும். அப்பா சொல்வார், அம்மா எழுதுவாள். அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா எதுவும் எழுதவில்லை.'

இன்னும் அனுப்பவில்லை. அனுப்பினால் நாளைக்கு அம்மா தனியாகக் குற்றவாளி ஆக மாட்டாள். ஆனால் தாராபுரம் முழுவதும் அப்பாவின் கையைப் பார்க்கும். தேடினால் முதலில் அதுதான் வரும். அனுப்பாவிட்டால் அம்மா ஏழு மணி பஸ்ஸில் ஏறுவாள். மஞ்சள் பையில் ஒரு புடவையை மடித்து வைத்துவிட்டாள், நான் பார்த்தேன்.

அப்பா சொல்ல வேண்டியதை நான் எப்படிச் சொல்வது? அவரே சொல்லாவிட்டால்? அந்தக் கேள்விக்குத் தரையைப் பார்த்தாரே. அதை மறக்கவே முடியவில்லை. எனக்கு அப்பா மேல் கோபமா, பாவமா? இரண்டும் ஒரே இடத்தில் வலிக்கிறது. பிரிக்கத் தெரியவில்லை.

விரலை வைத்தேன். எடுத்தேன். மறுபடி

யாரோ வருகிறார்கள். பீரோக் கதவு திறந்து மூடிய சத்தம் முதலில் கேட்டது, சட்டை மாட்டும் கொக்கி தரையில் விழுந்தது. இப்போது என் வாசலில். அம்மா என்றால் தள்ளிக்கொண்டு வந்திருப்பாள். அப்பா என்றால் வெளியே நின்று கூப்பிடுவார்.

கூப்பிடவில்லை. தட்டுகிறார்கள். ஒரு தட்டு இல்லை, இரண்டு இல்லை. ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, நிறுத்த முடியாமல், மரம் கிடுகிடுவென்று, டம்ளர் பல்லில் பட்ட அதே

அப்பா பாக்கெட்டிலிருந்து கையை வெளியே எடுத்து